அனிமே மீதான அறுபதாண்டு வழக்கு

1997 டிசம்பர் 16, மாலை ஆறரை மணி. ஜப்பானியக் குழந்தைகள் வழக்கம்போல் போக்கிமான் பார்க்க உட்கார்ந்தார்கள். இருபது நிமிடம் கழித்து ஒரு வெடிப்புக் காட்சி வந்தது. சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு தடவை மாறி மாறிப் பளிச்சிட்டன, சில நொடிகள்தான். பிள்ளைகளுக்குத் தலை சுற்றியது, குமட்டியது, சிலருக்கு வலிப்பு கண்டது. 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இரவுச் செய்தியில் அந்தக் காட்சியையே திரும்பப் போட்டுக் காட்டினார்கள். அதைப் பார்த்து இன்னும் சிலர் சுருண்டார்கள். தொடர் நான்கு மாதம் நின்றது. 1998 ஏப்ரலில் ஒளிபரப்பாளர்கள் பளிச்சொளிக்கு வரம்பு வகுத்தார்கள். விளக்கைப் போட்டுக்கொண்டு, திரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து பார்க்கச் சொல்லும் எச்சரிக்கை, அனிமே எனப்படும் ஜப்பானிய அசைபடங்களின் தொடக்கத்தில் இடம்பெற ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான்.

அனிமே இளையோரை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான சான்று வேறு கிடையாது. படம் ஓடியது, உடம்பு விழுந்தது. ஆனால் இந்தச் சான்றையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்த நாட்களில், தங்களுக்கும் ஏதோ செய்ததாகச் சொன்ன குழந்தைகளின் தொகை 12,000-ஐத் தொட்டது. பெஞ்சமின் ராட்ஃபோர்டும் ராபர்ட் பார்த்தலோமியூவும் 2001-இல் ஒரு மருத்துவ இதழில் இந்த நிகழ்வை அலசினார்கள். ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உண்மையாகவே இருந்தவர்கள் சிறு பங்கினரே. பின்னால் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களை விழவைத்தது பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் செய்தித்தாளிலும் பரவிய பயம் என்பது அவர்கள் வாதம்.

இந்தக் கேள்வியின் வரலாறு முழுக்க இதே கதைதான் வேறு வேறு உடையில் வருவதாக எனக்குப் படுகிறது. படம் செய்வது கொஞ்சம். படத்தைச் சுற்றி மனிதர்கள் கூடியும் வாங்கியும் விற்றும் பயந்தும் செய்வதுதான் அதிகம். பெற்றோரும் அரசுகளும் ஆய்வாளர்களில் ஒரு பகுதியினரும் திரையையே முறைத்துக்கொண்டிருந்ததில் மற்றது கண்ணில் படாமல் போயிற்று.

முறைப்புக்கு வயது அதிகம். தெசுகா ஒசாமுவின் ஆஸ்ட்ரோ பாய் 1963 ஜனவரி 1-ஆம் தேதி தொலைக்காட்சிக்கு வந்தது. வாராவாரம் வரும் அரைமணி நேர அனிமே என்னும் வடிவம் அதிலிருந்தே நிலைபெற்றது. தொண்ணூறுகளுக்கு வந்தால், ஜப்பானியப் பெற்றோர் சங்கங்களின் வெறுப்புக்கு நிரந்தர இலக்கு குறும்புச் சிறுவன் சின் சான். பிள்ளைகள் பார்க்கக் கூடாத நிகழ்ச்சிகள் பட்டியலில் ஆண்டுக்கு ஆண்டு அவன் முன்வரிசையில் இருந்தான். அவனைப் பார்த்து எங்கள் பிள்ளை பெரியவர்களை எடுத்தெறிந்து பேசுகிறான் என்பது புகார். அதே சின் சான் வாழ்வதாகக் கதையில் வரும் கசுகாபே நகரம் பிற்பாடு அவனையே தன் குழந்தை வளர்ப்புத் திட்டங்களின் சின்னமாக வைத்துக்கொண்டது. அவனைப் பார்த்து வளர்ந்தவர்கள் அதற்குள் பெற்றோர் ஆகியிருந்தார்கள், பெரிய ஒழுக்கக்கேடு எதுவும் நேர்ந்துவிடவில்லை.

வழக்கு கொலைக்குற்றமாக மாறியது 1989-இல். தோக்கியோவிலும் பக்கத்துச் சைத்தாமாவிலும் நான்கு சிறுமிகளைக் கொன்ற மியாசாகி த்சுதோமு அந்த ஆண்டு ஜூலையில் பிடிபட்டான். (இயக்குநர் மியாசாகி ஹயாவோவுக்கும் இவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அந்தக் குடும்பப் பெயர் அங்கே சாதாரணம்.) அவன் அறையில் 5,763 வீடியோ நாடாக்கள் சுவரை மறைத்து அடுக்கியிருந்தன. அந்த அறையின் புகைப்படம் நாட்டையே உலுக்கியது. நாடாக்களில் ஆபாசமும் கோரமும் சிறு பகுதியே என்பது பின்னால் பேசப்பட்டது; அதற்குள் பெயர் விழுந்துவிட்டது. 1983-இல் நகாமோரி அக்கியோ என்ற கட்டுரையாளர் மங்கா என்னும் படக்கதைகளின் வெறியர்களைக் கிண்டல் செய்ய அச்சில் புழங்கவிட்ட ஒட்டாக்கு என்ற சொல், ஆறே ஆண்டில் கொலைகாரனின் அடைமொழி ஆயிற்று. அனிமே விரும்பும் பையன் அதை வகுப்பில் வெளியே சொல்ல அஞ்சிய காலம் அதிலிருந்து பத்துப் பதினைந்து ஆண்டு நீடித்தது.

முப்பது ஆண்டு கழித்து, 2019 ஜூலை 18-இல், கியோத்தோ அனிமேஷன் நிறுவனத்தின் ஸ்டுடியோவுக்குள் ஒருவன் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினான். 36 பேர் இறந்தார்கள். தன் நாவலைத் திருடிவிட்டார்கள் என்ற மனப்பிரமை அவனுக்கு. 2024 ஜனவரியில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. இம்முறை அனிமே குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. உலகம் முழுக்க இருந்து ரசிகர்கள் அனுப்பிய நன்கொடை 300 கோடி யென்னைத் தாண்டியது. எரிந்த கட்டடத்தின் அருகே பூ வைக்க வந்தவர்களில் பள்ளிச் சீருடைப் பிள்ளைகளும் இருந்தார்கள். இரண்டு கொடூரங்களுக்கும் நடுவே அனிமே மாறியதைவிடச் சமூகம்தான் கூடுதலாக மாறியிருந்தது.

வன்முறைப் படம் வன்முறையை வளர்க்கிறதா என்ற கேள்வியை இங்கே விரைவாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. அனிமேயை மட்டும் எடுத்துக்கொண்டு நீண்ட காலம் பின்தொடர்ந்த நல்ல ஆய்வுகள் அரிது. பெரும்பாலும் வீடியோ விளையாட்டு பற்றிய விவாதத்தையே இதற்கும் கடன் வாங்குகிறார்கள். அங்கும் அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல், வன்முறை விளையாட்டுக்கும் உண்மையான வன்செயலுக்கும் முடிச்சுப் போடப் போதிய சான்று இல்லை என்று அறிவித்தது. சிறு எரிச்சல், சிறு முரட்டுத்தனம் வரை சான்று போகிறது. கத்தி எடுப்பது வரை போகவில்லை. ஜப்பானில் குற்றங்களுக்காகப் பிடிபட்ட சிறார் தொகை 1983-இல் 3 லட்சத்துக்கு மேல். 2021-இல் 30 ஆயிரத்துக்கும் கீழே. பிள்ளைகளின் தொகை குறைந்தது ஒரு காரணம், ஆனால் பத்தில் ஒன்றாகும் அளவுக்குப் பிள்ளைகள் குறைந்துவிடவில்லை. இதே நாற்பதாண்டில்தான் அனிமே ஜப்பானின் மூலைமுடுக்கெல்லாம் பரவியது. அனிமே குற்றத்தைக் குறைத்தது என்று இதை வைத்து யாரும் சொல்ல வேண்டாம். கூட்டியது என்று சொல்பவர்கள்தான் விளக்கம் தரவேண்டும்.

மனச்சோர்வும் தனிமையும் இதைவிடக் கடினமான பகுதி. 1995 ஜப்பானுக்குக் கெட்ட ஆண்டு. ஜனவரியில் கோபே நிலநடுக்கம், மார்ச்சில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக்கும்பல் தோக்கியோ சுரங்க ரயிலில் நச்சு வாயு விட்டது. அந்த அக்டோபரில் இவாஞ்சலியன் தொடர் தொடங்கியது. பதினான்கு வயதுப் பையன், மாபெரும் இயந்திரம், உலகைக் காக்கும் பொறுப்பு என்று பழைய அச்சுதான். ஆனால் இந்தப் பையன் ஏற மாட்டேன் என்கிறான். அப்பா பாராட்ட வேண்டும் என்பதற்காக ஏறுகிறான், அழுகிறான், ஓடிப்போகிறான், காதில் இசைக்கருவியை மாட்டிக்கொண்டு மேற்கூரையைப் பார்த்துப் படுத்திருக்கிறான். இயக்குநர் அன்னோ ஹிதேயாகி மனச்சோர்வில் இருந்து மீண்டு வந்து இதைச் செய்தார். அதை அவரே மறைக்கவில்லை. கடைசி இரண்டு பகுதிகளில் போர் காணாமல் போய், கதை பையனின் மனதுக்குள் நடக்கும் விசாரணையாக முடிந்தது. கொதித்த ரசிகர்களுக்கு 1997 திரைப்படத்தில் அவர் தந்த பதிலில், வரைந்த படம் சற்று நேரம் நின்று உண்மையான திரையரங்கமும் அதில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளர்களும் திரையில் வருகிறார்கள். அனிமே தன் பார்வையாளரை என்ன செய்கிறது என்று அனிமேயே கேட்டுக்கொண்ட தருணம் அது. ஆய்வாளர்கள் அதற்குப் பிறகு எழுதியவற்றில் பல அந்தக் காட்சியின் அளவுக்குக் கூர்மையானவை அல்ல.

மனநல மருத்துவர் சைதோ தமாக்கி 1998-இல் எழுதிய புத்தகம் ஹிகிகொமோரி என்ற நிலையைப் பொதுப் பேச்சுக்குக் கொண்டுவந்தது: ஆறு மாதமோ அதற்கு மேலோ வீட்டைவிட்டு வெளியே வராமல், பள்ளிக்கோ வேலைக்கோ போகாமல், குடும்பத்துக்கு வெளியே உறவின்றி இருப்பது. அனிமேயும் கணினியும் பிள்ளைகளை அறைக்குள் பூட்டிவிட்டன என்று உடனே ஒரு விளக்கம் கிளம்பியது. அரசின் கணக்கெடுப்பு அதற்கு ஒத்துவரவில்லை. 15 முதல் 39 வயதுக்குள் இப்படி இருப்பவர்கள் சுமார் 5,41,000 என்று 2016-இல் வெளியான அறிக்கை சொன்னது. 2019-இல் 40 முதல் 64 வரை எண்ணியபோது 6,13,000. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நடுவயதைத் தொட்டவர்கள். அந்த வயதினர் சொன்ன காரணங்களில் முன்னே நின்றது வேலை போனது. இரு பிரிவினரையும் சேர்த்துப் பிந்திய மதிப்பீடு 14.6 லட்சம். கதவைச் சாத்தியவை வேலையும் நோயும் மனித உறவும். சாத்திய பிறகு உள்ளே துணைக்கு இருந்தது அனிமே. முன்னது எது, பின்னது எது என்று பிரிக்காமல் எழுதிய கட்டுரைகளுக்குக் கணக்கில்லை.

இங்கே ஆய்வு முறை பற்றி ஒரு வார்த்தை. ஒரு கல்லூரியில் இருநூறு பேரிடம் படிவம் கொடுத்து, எத்தனை மணி நேரம் அனிமே பார்க்கிறீர்கள், எவ்வளவு தனிமையாக உணர்கிறீர்கள் என்று கேட்டு, இரண்டும் சேர்ந்து ஏறுவதைக் கண்டு, அனிமே தனிமையை உண்டாக்குகிறது என்று முடிக்கும் ஆய்வுகள் ஆசிய நாடுகள் பலவற்றில் ஆண்டுதோறும் குவிகின்றன. தனிமையில் இருப்பவன் அனிமே பார்க்கிறான் என்று அதே எண்களைத் திருப்பி வாசித்தாலும் தவறில்லை. டெக்சஸைச் சேர்ந்த ஸ்டீபன் ரெய்சனும் கோர்ட்னி பிளாண்டு முதலிய கூட்டாளிகளும் பல ஆண்டுகளாக ரசிகர்களிடம் நடத்திவரும் ஆய்வு இவற்றைவிடப் பெரியது, பொறுமையானது. தப்பித்தலுக்காகப் பார்ப்பவர்கள் உண்டு என்று அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் நலத்தோடு அதிகம் இணைவது ரசிகர்களிடையே தனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்ற உணர்வு என்கிறார்கள். அவர்களிடமும் குறை உண்டு: ரசிகர் விழாவுக்கு வந்தவர்களை அதிகம் கேட்டால், கூட்டத்துக்கு வர முடிந்தவர்கள்தான் பதில் சொல்வார்கள். அறையைவிட்டு வராதவன் படிவத்திலும் வரமாட்டான்.

கூட்டம் என்றால் எப்படிப்பட்ட கூட்டம் என்பதற்குக் காமிகெட் சாட்சி. 1975 டிசம்பர் 21-இல் தோக்கியோவில் 32 குழுக்கள், சுமார் 700 பேரோடு தொடங்கிய கையெழுத்து இதழ்ச் சந்தை அது. 2019-இல் நான்கு நாளில் 7 லட்சத்துக்கு மேல் கூடினார்கள். ஒட்டாக்கு என்றால் கண்ணாடி போட்ட பையன் என்ற பொது எண்ணத்துக்கு மாறாக, முதல் சந்தையில் பெரும்பாலோர் பள்ளிச் சிறுமிகள், பெண்களுக்கான மங்கா வாசகிகள். தமக்குப் பிடித்த ஆண் பாத்திரங்களை ஒருவருக்கொருவர் காதலிக்க வைத்து அவர்கள் எழுதிய கதைகள் இன்று ஒரு தொழில். வீட்டிலும் பள்ளியிலும் கேட்க முடியாத கேள்விகளை, தன் உடம்பு கதையில் இல்லாததால் கிடைத்த துணிவோடு, ஒரு பெண் அங்கே கேட்டுப் பார்த்தாள். அனிமே கற்றுக்கொடுத்த நடத்தை என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால் நான் சுட்டுவது இதை: பார்த்ததோடு நில்லாமல் வரைவது, எழுதுவது, அச்சிடுவது, மேஜை போட்டு விற்பது.

விளையாட்டில் இது இன்னும் வெளிப்படை. தக்காஹாஷி யோய்ச்சியின் கேப்டன் த்சுபாசா 1981-இல் மங்காவாகவும் 1983-இல் அனிமேயாகவும் வந்தபோது ஜப்பானில் பேஸ்பால்தான் ராஜா. தொழில்முறைக் கால்பந்து லீக் தொடங்க இன்னும் பத்தாண்டு இருந்தது. அந்தத் தொடரைப் பார்த்துப் பந்தை எடுத்ததாகச் சொன்னவர்களில் நகாத்தா ஹிதெத்தோஷி உண்டு, ஸ்பெயினின் ஃபெர்னாண்டோ டோரஸும் உண்டு. 1990-இல் தொடங்கிய ஸ்லாம் டங்க் கூடைப்பந்துக்கு அதையே செய்தது. படைப்பாளி இனோவே தக்கேஹிக்கோ 2006-இல் இளம் ஆட்டக்காரர்களை அமெரிக்காவுக்கு அனுப்ப உதவித்தொகையே ஏற்படுத்தினார். ஹிக்காரு நோ கோ என்ற தொடர், கிழவர்களின் பொழுதுபோக்காகச் சுருங்கியிருந்த கோ பலகை விளையாட்டுக்குப் பிள்ளைகளை இழுத்துவந்தது. ஆனால் த்சுபாசா எழுப்பிய அலை நிலைத்தது, ஹிக்காருவின் அலை நிலைக்கவில்லை. கோ ஆடுவோர் தொகை மறுபடி சரிந்தது. கால்பந்துக்குப் பள்ளி மைதானமும் பயிற்சியாளரும் பிறகு லீக்கும் இருந்தன. கோ மன்றங்களில் பத்து வயதுக்காரனுக்கு எதிரே உட்கார இன்னொரு பத்து வயதுக்காரன் கிடைப்பதே பாடு. அனிமே ஆசையைத்தான் தர முடியும். ஆசை பழக்கமாக வேண்டுமானால் தெருமுனையில் இடம் வேண்டும்.

இதுவரை சொன்னது அனிமேக்கு ஆதரவான வக்கீல் வாதம் போல ஒலித்தால், இனி வருவது அப்படி ஒலிக்காது.

தெசுகா 1963-இல் ஆஸ்ட்ரோ பாயைத் தயாரிப்புச் செலவுக்கும் குறைவான விலைக்குத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தார். நட்டத்தைப் பொம்மையிலும் படத்திலும் ஈடுகட்டலாம் என்பது திட்டம். விளம்பரதாரரான மெய்ஜி நிறுவனம் சாக்லெட்டோடு ஆஸ்ட்ரோ பாய் ஒட்டுப்படம் தர, பிள்ளைகள் படத்துக்காகச் சாக்லெட் வாங்கினார்கள். ஆக, அனிமேயின் முதல் நாளிலிருந்தே கதை ஒரு கையில், கடை மறு கையில். இன்று அந்தக் கடை பெரிதாகி, ஓஷி என்ற பண்பாடாக நிற்கிறது. தனக்குப் பிடித்த ஒரு பாத்திரத்தையோ பாடகரையோ தேர்ந்து, அவருக்காகவே நேரமும் பணமும் செலவிட்டு ஆதரிப்பது அது. ஒரே முகம் பதித்த வில்லைகளைப் பை முழுக்கக் குத்திக்கொண்டு போகும் பெண்களைத் தோக்கியோவின் இக்கெபுக்குரோவில் எந்த ஞாயிறும் பார்க்கலாம். வில்லை மூடிய உறையில் வரும். உள்ளே யார் என்று தெரியாது. வேண்டிய முகம் வரும்வரை வாங்க வேண்டும், அல்லது வேண்டாததைப் பண்டமாற்றம் செய்ய ஆள் தேட வேண்டும். கைபேசி விளையாட்டுகளில் கச்சா எனப்படும் பரிசுக் குலுக்கலும் இதே பொறி. அதன் மிக மோசமான வடிவம் ஒன்றைச் சட்டத்துக்குப் புறம்பானது என்று ஜப்பானிய அரசின் நுகர்வோர் விவகார முகமை 2012-இல் சொல்லவேண்டி வந்தது.

திரையில் தெரிபவரோடு ஒருதலை உறவு உண்டாவதை டொனால்டு ஹார்ட்டனும் ரிச்சர்டு வோலும் 1956-லேயே, தொலைக்காட்சி பிறந்த சூட்டோடு, எழுதிவிட்டார்கள். அந்த உறவு இயல்பானது, பெரும்பாலும் தீங்கற்றது. சைதோ தமாக்கியும் 2000-இல் வெளியிட்ட இன்னொரு நூலில், ஒட்டாக்கு கற்பனையைக் கற்பனை என்று தெரிந்தே விரும்புகிறான், குழம்பிப்போய் அல்ல என்று வாதிட்டார். அதில் நியாயம் இருக்கிறது. அடுத்த ஆண்டு அஸுமா ஹிரோக்கி வேறு பக்கம் இழுத்தார்: ரசிகர்கள் இப்போது கதையைத் தேடுவதில்லை, பூனைக் காது, மூக்குக் கண்ணாடி, குறிப்பிட்ட முடியமைப்பு என்று உதிரிகளைத் தேடுகிறார்கள், பாத்திரம் அந்த உதிரிகளைக் கோத்துச் செய்த பண்டம் என்றார். இருவருமே மனதைப் பார்த்தார்கள். உறவுக்கு விலைச்சீட்டு கட்டியது யார் என்பதை உசாமி ரின் என்ற இளம் எழுத்தாளரின் நாவலில்தான் கூர்மையாகக் காண்கிறோம். ஒரு பாடகனை ஓஷியாகக் கொண்டு, பள்ளியும் வேலையும் குடும்பமும் கையை விட்டுப் போகும் பெண்ணின் கதை அது. 2021 ஜனவரியில் அக்குத்தாகவா பரிசு பெற்றபோது உசாமிக்கு வயது 21. அந்தப் பெண்ணுக்கு ஓஷிதான் முதுகெலும்பு என்று அதைப் பரிவோடு படிக்கலாம். எலும்புக்கு மாதத் தவணை கட்டவேண்டியிருக்கிறதே என்றும் படிக்கலாம். பதினைந்து வயதுக்காரரின் பற்றைப் பிழிந்து விற்கும் முறை பற்றிய அளவீடுகள்தான் இந்தத் துறையில் அதிகம் வேண்டும். கிடைப்பதோ முத்தக் காட்சியையும் கத்திக் காட்சியையும் எண்ணும் கட்டுரைகள்.

பாலியல் சித்தரிப்பில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. சிறுமி உருவத்தைக் காமப் பொருளாக வரையும் வணிகம் ஜப்பானில் உண்டு. 2010-இல் தோக்கியோ மாநகர அரசு அத்தகைய மங்காக்களைச் சிறார் கைக்குப் போகாமல் கட்டுப்படுத்த விதியைத் திருத்தியபோது பெரிய பதிப்பகங்கள் எதிர்த்து, ஆளுநர் இஷிஹாரா ஷின்தாரோ தலைமையில் நடக்கவிருந்த அனிமே கண்காட்சியைப் புறக்கணித்தன. 2014-இல் உண்மைக் குழந்தைகளின் ஆபாசப் படங்களை வைத்திருப்பது குற்றமாக்கப்பட்டது. வரைந்த படங்கள் விலக்குப் பெற்றன. வரைந்த படத்துக்குப் பின்னால் துன்புற்ற குழந்தை இல்லை என்ற சட்ட வாதம் புரிகிறது. பார்த்து வளரும் பன்னிரண்டு வயதுப் பெண் தன் உடம்பைப் பற்றி என்ன கற்றுக்கொள்கிறாள் என்ற கேள்விக்கு அந்த வாதம் பதில் அல்ல.

எல்லை தாண்டியபோது பயமும் கூடவே தாண்டியது. சீனாவின் ஷென்யாங் பள்ளிகள் 2005-இல் டெத் நோட்டைத் தடை செய்தன. பெயரை எழுதினால் ஆள் சாவான் என்ற அந்தக் கதையின் குறிப்பேட்டைப் போலவே பிள்ளைகள் செய்துகொண்டு ஆசிரியர்கள் பெயரை எழுதினார்கள். வாத்தியார் மேல் கோபம் டெத் நோட்டுக்கு முன்பே உண்டு என்பதை வாத்தியார்கள் கவனிக்கவில்லை. 2013-இல் வங்கதேசம் டோரேமானை நிறுத்தியதற்குக் காரணம் வேறு: இந்தி ஒலிபெயர்ப்பைப் பார்த்துப் பிள்ளைகள் வீட்டில் இந்தி பேசுகிறார்கள். 2023 பிப்ரவரியில் ரஷ்யாவில், ஹண்டர் ஹண்டர் தொடரின் கொள்ளைக்கூட்டத்துச் சிலந்திச் சின்னத்தையும் 4 என்ற எண்ணையும் சட்டையில் போட்ட சிறுவர்கள் வணிக வளாகங்களில் மோதிக்கொண்டார்கள். ரெதான் என்ற பெயரில் ஒரு தனியார் படையே கிளம்பிவிட்டதாகச் செய்திகள் ஊதின. பல நகரங்களில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் காவல்துறை அள்ளிக்கொண்டு போனது. நீண்ட முடியும் கறுப்புச் சட்டையுமே குற்றமாயிற்று.

பயந்தவர்கள் எதிர்பாராத இடத்தில்தான் நடத்தை மாறியது. 2020 ஜூலையில் பாங்காக் ஜனநாயக நினைவுச் சின்னத்தைச் சுற்றி மாணவர்கள் ஹம்தாரோ என்ற வெள்ளெலித் தொடரின் பாட்டைப் பாடிக்கொண்டு ஓடினார்கள். ஆட்சியாளர்கள் வரிப்பணத்தைத் தின்னும் எலிகள் என்று வரிகளை மாற்றியிருந்தார்கள். குழந்தைப் பாட்டுக்காகக் கைது செய்தால் அரசுதான் கேலிக்குள்ளாகும். 2025 ஆகஸ்டில் இந்தோனேசிய விடுதலை நாளுக்கு முன்பு, லாரிகளிலும் வீடுகளிலும் ஒன் பீஸ் தொடரின் வைக்கோல் தொப்பி போட்ட மண்டையோட்டுக் கொடி ஏறியது. அதிகாரிகள் சிலர் தேசத்துரோகம் என்றார்கள். செப்டம்பரில் அதே கொடி காத்மாண்டுவில் நேபாள அரசு வளாகமான சிங்க தர்பாரின் வாயிலில் தொங்கியது. நேபாளப் பிரதமர் ஒலி பதவி விலகினார். மடகாஸ்கரில் தொப்பியை மட்டும் உள்ளூர்த் தொப்பியாக மாற்றி வரைந்துகொண்டார்கள். ஊழலும் சமூக ஊடகத் தடையும் தண்ணீர், மின்சாரம் இல்லாத அவதியும்தான் இவர்களைத் தெருவுக்கு இழுத்தன, ஒன் பீஸைப் படைத்த ஓடா எய்ச்சிரோ அல்ல. ஆனால் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாத மூன்று நாட்டுப் பிள்ளைகள், எந்தக் கட்சியும் கற்றுத் தராத ஒரு கொடியைப் பார்த்தவுடன் பொருள் கொண்டார்கள். இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக அநியாய அரசுகளைக் கவிழ்த்துவரும் கடற்கொள்ளையன் கதை அவர்களுக்குப் பொதுப் பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது.

இந்தியாவுக்கும் இந்த வழக்கில் சிறு பக்கம் உண்டு. சின் சானை 2008-இல் தடை செய்து, அடுத்த ஆண்டு வெட்டித் திரும்ப விட்டார்கள். தமிழ்ப் பிள்ளைகள் அவனை ஹங்காமா வழியே தமிழிலேயே அறிந்திருந்தார்கள். 2019-இல் அனிமே இயக்குநர் ஷின்காய் மகோதோவின் படத்தை இங்கே திரையிடக் கோரி ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட இந்திய ரசிகர்கள் கையெழுத்திட்டு வென்றார்கள். 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் படம் தமிழ் ஒலியோடு திரையரங்குக்கு வந்தது. ரசிகர் மன்றமும் கட்டவுட்டும் கண்ட ஊருக்கு ஓஷி புதிதாகத் தோன்றாது. ஆனால் இங்கே இளையோர் மனத்தின் மேல் அனிமே செய்ததைத் தனியாகப் பேசுமளவு ஆய்வு வளரவில்லை. ஜப்பானிய முடிவுகளை எடுத்து நம் பிள்ளைகள் மேல் ஒட்டுவது சரியல்ல.

அண்மையில் வழக்கு ஒரு விநோதத் திருப்பம் கண்டிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரே மருத்துவராக வந்து நிற்கிறார். இத்தாலியில் பிறந்து ஜப்பானில் மனநல மருத்துவராகப் பணிபுரியும் பிரான்செஸ்கோ பாந்தோ, யோகோஹாமா நகரப் பல்கலைக்கழகத்தில் அனிமே சிகிச்சை என்ற முயற்சியைத் தொடங்கியிருக்கிறார். மனச்சோர்வு அறிகுறி உள்ள இளையோரிடம் ஆலோசகர் அனிமே பாத்திரத்தின் உருவில் திரையில் தோன்றிப் பேசுகிறார். மனநல மருத்துவரிடம் போவதை வெட்கமாகக் கருதும் ஊரில், முகம் காட்டாமல் கதவைத் திறக்க இது உதவலாம். முன்னோட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் இருபது பேர்தான். முகத்தை மறைத்த எந்த ஆலோசகரிடமும் அவர்கள் இதே அளவு பேசியிருப்பார்களா, பாத்திரத்தின் உருவம் கூடுதலாக என்ன செய்தது என்பதை ஒப்பிட்டுக் காட்டும்வரை இதை நம்ப எனக்குத் தயக்கம். இருநூறு படிவங்களை வைத்துத் தீங்கை நிறுவியதை ஏற்காதவர்கள், இருபது பேரை வைத்து நன்மையை நிறுவுவதையும் இப்போதைக்கு ஏற்பதற்கில்லை.